இந்தூர் பசுமைப் பத்திரம்: மாமாவின் பணத்தைப் போடலாமா?

வைகைக்கரை (மதுரை)
11 பிப்ரவரி 2023, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

என் தாய்மாமா மின்வாரியத்தில் கணக்கீட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி இன்னும் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. நேற்று ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்து, "சார், இந்தூர் மாநகராட்சி கிரீன் பாண்டு வெளியிட்டிருக்கு, 8.25 சதவீதம், பூமிக்கும் நல்லது" என்று ஒரு வண்ணத் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தாள் முழுக்க இலையும் சூரியனும்தான். மாமா என்னைக் கூப்பிட்டு, "இதுல பச்சை எங்கடா இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். புரிந்த வரைக்கும் சொல்கிறேன். மாநகராட்சி 122 கோடி ரூபாய் கேட்கிறது. விண்ணப்பம் அதிகமாக வந்தால் இன்னொரு 122 கோடி எடுத்துக்கொள்ளலாம், ஆக மொத்தம் 244 கோடி. அந்தப் பணத்தில் மத்தியப் பிரதேசம் கார்கோன் மாவட்டத்தில் ஜலூத் என்ற ஊர்ப்பக்கம் 60 மெகாவாட் சோலார் நிலையம் கட்டுவார்கள். ஜலூத்தில்தான் நர்மதை ஆற்றிலிருந்து இந்தூருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள், அந்தப் பம்புகளுக்குத்தான் இந்த மின்சாரம். ஒரு பத்திரம் 1,000 ரூபாய், குறைந்தது பத்து வாங்க வேண்டும். வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. நேற்று தொடங்கியது, 14-ம் தேதி முடிகிறது.

என் சந்தேகம் ரெண்டு. பணம் பத்திரமாகத் திரும்பி வருமா? அப்புறம், இது நிஜமாகவே சுற்றுச்சூழலுக்கு உதவுகிற பணமா, இல்லை எப்படியும் வாங்கப்போகிற கடனுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா? மாமாவுக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.


கணக்குப்பிள்ளை (கும்பகோணம்)
11 பிப்ரவரி, காலை 9.15

தம்பி, நான் ஒரு வங்கியின் கருவூலப் பிரிவில் பத்திரம் வாங்கி விற்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

பசுமைப் பத்திரம் என்பது சாதாரணக் கடன் பத்திரம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வருகிற பணத்தை இன்ன வேலைக்குத்தான் செலவு செய்வேன் என்று கடன் வாங்குகிறவர் எழுதிக் கொடுக்கிறார். ஆனால் திருப்பித் தருகிற பொறுப்பு அந்த வேலையின் தலையில் இல்லை, கடன் வாங்கியவரின் தலையில்தான். நாளைக்கு ஜலூத்தில் ஒரு பேனல்கூட வேலை செய்யவில்லை என்றாலும் இந்தூர் மாநகராட்சி மாமாவுக்கு வட்டி கொடுத்தே ஆக வேண்டும். அதே மாதிரி, சோலார் பிரமாதமாக ஓடினாலும் மாநகராட்சி நொடித்துப்போனால் பணம் சிக்கும். ஆகவே பணம் வருமா என்று பார்க்க சூரியனைப் பார்க்காதே, மாநகராட்சியின் வரி வசூலைப் பார்.

இதற்கு இரண்டு நிறுவனங்கள் தரமதிப்பீடு கொடுத்திருக்கின்றன. ஒன்று ஏஏ பிளஸ், இன்னொன்று ஏஏ. நல்ல மதிப்பீடு. இந்தூர் 2018-லேயே ஏறத்தாழ 140 கோடிக்குப் பத்திரம் வெளியிட்ட ஊர், புதிது இல்லை. நகராட்சிப் பத்திரங்களில் வழக்கமாக வரி வருமானம் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். தவணைத் தேதி வருவதற்கு முன்பே அதிலிருந்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஆனால் ஒன்றை மாமாவிடம் தெளிவாகச் சொல்லிவிடு: இதற்கு மத்திய அரசு உத்தரவாதம் கிடையாது, வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற காப்பீடும் கிடையாது.

அவர் எடுக்கப்போகிற ஒவ்வொரு 1,000 ரூபாய் பத்திரமும் உள்ளே நான்கு 250 ரூபாய் துண்டுகள். ஒன்று 3 வருஷத்தில் திரும்பும், மற்றவை 5, 7, 9 வருஷத்தில். 9 வருஷம் பொறுக்க முடியாவிட்டால் பங்குச் சந்தையில் விற்கலாம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். பட்டியலில் இருக்கும், உண்மை. வாங்க ஆள் இருக்குமா என்பது வேறு. இந்த மாதிரிப் பத்திரங்களில் பல நாள் ஒரு வியாபாரமும் நடக்காது. வயதானவர் அவசரப் பணத்தை இதில் போடக் கூடாது.

மாமா அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார்? அதில் இப்போது 8 சதவீதம், அரசுப் பொறுப்பு. இந்தத் தடவை பட்ஜெட்டில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக ஏப்ரல் முதல் உயர்த்தியிருக்கிறார்கள். அதை நிரப்பாமல் கால் சதவீதத்துக்காக இந்தூருக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.


வைகைக்கரை
11 பிப்ரவரி, காலை 10.05

ரொம்ப நன்றி ஐயா. அஞ்சலகத்தில் இன்னும் போடவில்லை, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் மாமா, "நான் கொஞ்சம் பணத்தை நல்ல காரியத்துக்குன்னு போட்டா என்ன?" என்கிறார். அதனால்தான் பச்சை எங்கே என்ற கேள்வியை விடமாட்டேன் என்கிறார்.


நெய்தல்மகள் (தூத்துக்குடி)
11 பிப்ரவரி, பகல் 12.30

அண்ணா, உங்கள் மாமா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அதை விடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு கதை சொல்கிறேன். 2017-ல் ஸ்பெயினின் எண்ணெய் நிறுவனமான ரெப்சோல் 50 கோடி யூரோவுக்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. எதற்கு? சுத்திகரிப்பு ஆலைகளில் எரிபொருள் மிச்சம் பிடிக்க. புகை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அந்த ஆலை இன்னும் பல வருஷம் பெட்ரோல் வடித்துக்கொண்டே இருக்கும். பசுமைப் பத்திரங்களுக்கென்று இருக்கிற குறியீட்டுப் பட்டியல்கள் அதைச் சேர்க்க மறுத்துவிட்டன.

இரண்டாவது மெக்சிகோ நகரம். டெஸ்கோகோ என்ற பழைய ஏரிப் படுகையில் புது விமான நிலையம் கட்ட 2016, 2017-ல் 600 கோடி டாலர் பசுமைப் பத்திரம் விற்றார்கள். கட்டடம் மின்சாரம் மிச்சம் பிடிக்கும், தண்ணீரை மறுசுழற்சி செய்யும், அதனால் பச்சை என்றார்கள். ஏரியில் விமான நிலையம்! அங்கே இருக்கிற விவசாயிகள் 2001-லிருந்தே எதிர்த்துப் போராடியவர்கள். 2018 அக்டோபரில் மக்களிடம் கருத்துக் கேட்டு, புதிதாக வந்த அதிபர் வேலையையே நிறுத்திவிட்டார். முதலீட்டாளர்களிடமிருந்து 180 கோடி டாலர் பத்திரங்களை அரசு திரும்ப வாங்கியது. மிச்சம் 420 கோடி டாலர் பத்திரம் அப்படியே இருக்கிறது. அந்த விமான நிலையம் இல்லை, ஆனால் பழைய விமான நிலையத்துப் பயணிகளின் கட்டணத்திலிருந்து அதற்கு வட்டி போகிறது.

சோலார் நல்லதுதான், நான் எதிரி இல்லை. ஆனால் பச்சை என்று யார் சொன்னார்கள், எந்த இடத்தில் கட்டுகிறார்கள், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.


கணக்குப்பிள்ளை
11 பிப்ரவரி, பகல் 1.10

தங்கச்சி சொன்ன ரெண்டும் நடந்ததுதான். அதற்குப் பக்கத்தில் இது எப்படிப் பிறந்தது என்பதையும் வைக்க வேண்டும்.

2007-ல் ஐரோப்பிய முதலீட்டு வங்கி பருவநிலை பெயரில் ஒரு பத்திரம் வெளியிட்டது, 60 கோடி யூரோ. ஆனால் இன்றைய வடிவம் வந்தது 2008 நவம்பரில். சுவீடனில் சில ஓய்வூதிய நிதிகள் தங்கள் வங்கியிடம் போய், "எங்கள் பணம் பருவநிலைக்கு உதவுகிற வேலைக்குப் போக வேண்டும், ஆனால் எங்களால் ரிஸ்க் எடுக்க முடியாது" என்று கேட்டார்கள். வங்கி உலக வங்கியைச் சேர்த்துக்கொண்டது. எந்த வேலை பச்சை என்று பார்க்க ஆஸ்லோவில் இருக்கிற சிசெரோ என்ற பருவநிலை ஆய்வு மையத்தைக் கூப்பிட்டார்கள். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், ஆரம்பித்தது கடன் வாங்குகிறவர் இல்லை. பணம் வைத்திருந்தவர்கள். அதுவும் ஓய்வு பெற்றவர்களின் பணம். மாமா கேட்கிற அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்.

2014-ல் சந்தைக்காரர்கள் சேர்ந்து விதிமுறை எழுதினார்கள். பணம் எதற்கு, வேலையை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், பணத்தை எப்படித் தனியாகக் கணக்கு வைப்பீர்கள், வருஷா வருஷம் என்ன சொல்வீர்கள். இவ்வளவுதான். சட்டம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம். நம் நாட்டில் பங்கு, பத்திரச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2017-லேயே பசுமைப் பத்திரத்துக்கென விதி கொண்டுவந்தது. இந்த மாதத் தொடக்கத்தில் பசுமைப் பூச்சைத் தடுக்கவென்றே தனியாக ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறார்கள். பணம் வேறு வேலைக்குப் போனால் முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டும், பெரும்பான்மையோர் கேட்டால் முன்கூட்டியே பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் பெரும்பான்மையோர் கேட்டால்தானே!


ஜூராங் தோழன் (சிங்கப்பூர்)
11 பிப்ரவரி, மாலை 4.45

இங்கே சிங்கப்பூரில் போன ஆகஸ்டில் அரசாங்கமே பசுமைப் பத்திரம் வெளியிட்டது. 240 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 50 வருஷம்! அதில் 5 கோடி வெள்ளி வரைக்கும் பொதுமக்களுக்கு. பணம் ஜூராங் வட்டார ரயில் பாதைக்கும் குறுக்குத் தீவு ரயில் பாதைக்கும் என்று பெயர் சொல்லியே கேட்டார்கள்.

நான் ஜூராங் பாதை வேலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். காலையில் ஆறரை மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்தி பெல்ட், கொக்கி எல்லாம் சரிபார்க்கும்போது தலைக்கு மேலே அந்தத் தூண் நிற்கும். அந்தத் தூணுக்குள் யாரோ ஒருத்தர் 50 வருஷத்துக்குக் கொடுத்த பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்த வேலை மேல் மரியாதை கூடிவிட்டது. பெயர் சொன்ன வேலை என்றால் கண்ணால் பார்க்கலாம். நான் சொல்ல வந்தது அதுதான்.


வைகைக்கரை
11 பிப்ரவரி, மாலை 6.20

தோழர் சொன்னதைப் படித்ததும் ஒரு சந்தேகம். நம் மத்திய அரசும் போன மாதம் பசுமைப் பத்திரம் விட்டதே, அதை வாங்கினால் பயமே இல்லையே? பாதுகாப்பும் ஆச்சு, பச்சையும் ஆச்சு.


கணக்குப்பிள்ளை
11 பிப்ரவரி, இரவு 8.00

ஜனவரி 25 அன்று முதல் ஏலம். 5 வருஷப் பத்திரம் 7.10 சதவீதம், 10 வருஷப் பத்திரம் 7.29 சதவீதம். தலா 4,000 கோடி. முந்தாநாள் இன்னொரு 8,000 கோடி. இந்த நிதியாண்டுக்குச் சொன்ன 16,000 கோடியும் முடிந்தது. ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் கணக்கு வைத்திருந்தால் 10,000 ரூபாயிலிருந்து யாரும் வாங்கலாம்.

பாதுகாப்பில் இதற்கு மேல் எதுவும் இல்லை. முதல் ஏலத்தில் இதே கால அளவுள்ள சாதாரண அரசுப் பத்திரத்தைவிட 5, 6 பேசிஸ் பாயிண்ட் (0.05, 0.06 சதவீதம்) குறைந்த வட்டிக்கு வாங்கினார்கள். அதாவது 8,000 கோடிக்கு அரசுக்கு வருஷம் 4 கோடி ரூபாய் மிச்சம். பச்சைக்கு முதலீட்டாளர்கள் கொடுத்த விலை அவ்வளவுதான். சிறியதுதான், இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் மாமாவின் கேள்விக்கு இங்கே பதில் மங்கலாக இருக்கிறது. பணம், அரசின் வருமானமெல்லாம் சேர்கிற இந்தியத் தொகுப்பு நிதிக்குள் போய்விடும். சோலார், காற்றாலை, மின்சார ரயில், மெட்ரோ என்று ஒரு பட்டியல். அதில் எந்தெந்தச் செலவை இந்தப் பணத்தின் கணக்கில் எழுதுவது என்று தலைமைப் பொருளாதார ஆலோசகர் தலைமையில் ஒரு குழு பார்க்கும். அவற்றில் பல வேலைகள் பட்ஜெட்டில் ஏற்கெனவே இருந்தவை. பத்திரம் வராவிட்டாலும் நடந்திருக்கும். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், உலகம் முழுக்க அரசுகள் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் மாமா தன் 10,000 ரூபாய் எங்கே போயிற்று என்று விரலால் காட்ட முடியாது. இந்தூரில் முடியும்.


நெய்தல்மகள்
11 பிப்ரவரி, இரவு 9.40

ஜலூத், ஜலூத் என்று காலையிலிருந்து மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் பிடிபட்டது. நர்மதை மகேஷ்வர் அணைப் போராட்டத்தில் முதல் ஊர் அதுதான்!

கல்லூரியில் படிக்கும்போது இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 400 மெகாவாட் நீர்மின் திட்டம், தனியாருக்குக் கொடுத்தது. 61 கிராமங்கள் பாதிக்கப்படும், முதலில் மூழ்கப்போவது ஜலூத். 1998 ஜனவரியில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் போய் அணை வேலைத்தளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அதில் பணம் போட இருந்த இரண்டு ஜெர்மன் மின் நிறுவனங்கள் விலகிக்கொண்டன. மறுவாழ்வுக்கு நிலம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அணை பாதியில் நின்று, இழுத்து இழுத்து, 2020-ல் மாநில அரசு மின்கொள்முதல் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது.

அந்த அணையையும் அன்றைக்குச் சுத்தமான மின்சாரம் என்றுதான் சொன்னார்கள். நிலக்கரி இல்லை, புகை இல்லை. இன்றைக்கு மத்திய அரசின் பசுமைப் பத்திர வரையறையைப் பாருங்கள், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டம் அதில் சேராது. அந்த ஒற்றை வரி சும்மா வரவில்லை. ஜலூத் மாதிரி ஊர்க்காரர்கள் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து எழுத வைத்த வரி அது. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே ஊர்ப்பக்கம் இப்போது 60 மெகாவாட் வெயிலிலிருந்து வரப்போகிறது. அதனால்தான் சொல்கிறேன், அந்த நிலம் யாருடையது, அங்கே யார் ஆடு மாடு மேய்த்தார்கள், அவர்களுக்கு என்ன வழி என்று கட்டாயம் கேளுங்கள்.


மாளவத்தமிழன் (இந்தூர்)
12 பிப்ரவரி, காலை 6.50

நான் 22 வருஷமாக இந்தூரில் இருக்கிறேன், பீதம்பூரில் வேலை. ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்கிறேன்.

இங்கே தண்ணீர் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். வருகிற நாளில் வீட்டம்மா அலாரம் வைத்து எழுந்திருப்பார். குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் தண்ணீர். அந்தத் தண்ணீர் 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலை ஏறி வருகிறது என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதை ஏற்றுகிற மின்கட்டணம் மட்டும் மாதம் 25 கோடி ரூபாய் என்று மாநகராட்சியே சொல்கிறது. நாங்கள் கட்டுகிற தண்ணீர் வரி அதில் ஒரு மூலைக்குக் காணாது.

குப்பை விஷயத்தில் இந்த மாநகராட்சி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. 2017-லிருந்து ஆறு வருஷமும் தூய்மை நகரப் பட்டியலில் முதலிடம். ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க ஒரு நாளைக்கு 550 டன் கையாளும் ஆலை போன வருஷம் வந்தது, அந்த வாயுவில் நகரப் பேருந்து ஓடுகிறது. காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது, பிரிக்காமல் கொடுத்தால் வண்டிக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார், எனக்கே கொடுத்திருக்கிறார். இந்தப் பத்திரத்துக்கு எங்கள் தெருவில் மூன்று வீட்டில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தண்ணீருக்கு நாங்கள் கொடுக்கிறோம் என்கிறார்கள்.


நீரேற்றி (ஈரோடு)
12 பிப்ரவரி, காலை 10.30

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் 28 வருஷம் நீரேற்று நிலையப் பொறியாளராக இருந்தவன். மாமா கேட்ட பச்சையைக் கணக்கில் காட்டுகிறேன்.

நர்மதைக் கரைக்கும் இந்தூருக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 400 மீட்டர். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 400 மீட்டர் தூக்க, ஒரு இழப்பும் இல்லை என்று வைத்தாலே 1.1 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பு, மோட்டார், குழாய் உராய்வு எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் போய்விடும். ஒரு குடும்பம் இரண்டு மூன்று நாளில் செலவழிக்கிற ஆயிரம் லிட்டருக்கு! இந்தூர் குடிக்கிற தண்ணீரில் பாதி கரண்டு என்றே சொல்லலாம்.

இந்த மாதிரி நிலையத்துக்குள் நின்றால் காலுக்கடியில் தரை அதிரும், பேச வேண்டுமானால் காதுப்பக்கம் வாயை வைக்க வேண்டும். மணிக்கொரு தடவை ஆபரேட்டர் பேனலில் ஆம்பியர், வோல்ட், அழுத்தம் எல்லாம் பார்த்து நோட்டில் எழுதுவார். ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் பம்புக்குள் ஜல்லி உருள்கிற மாதிரி சத்தம் வரும். எனக்கு இன்னும் கனவில் வரும் அந்தச் சத்தம்.

சரி, சோலார் கணக்கு. நம் வெயிலுக்கு ஒரு மெகாவாட் வருஷத்துக்கு 15, 16 லட்சம் யூனிட் தரும். 60 மெகாவாட் என்றால் 9 கோடியிலிருந்து 10 கோடி யூனிட். யூனிட் 5 ரூபாய் மிச்சம் என்று வைத்தால் வருஷம் 45 முதல் 50 கோடி. மாதம் 25 கோடி பில் என்றால் வருஷம் 300 கோடி, அதில் ஆறில் ஒரு பங்கு குறையும். கடனுக்கு முதல் வருஷ வட்டி, 244 கோடிக்கு 8.25 வீதம், 20 கோடி சொச்சம். மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வருஷ முடிவில் தலா 61 கோடி அசல். ஒன்பது வருஷ வட்டி மொத்தம் ஏறத்தாழ 121 கோடி. ஆக 365 கோடி வெளியே போகும். ஆண்டுக்கு 45, 50 கோடி மிச்சம் பிடித்தால் எட்டு வருஷத்தில் கடன் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். பேனல் 25 வருஷம் உழைக்கும். ஒரு பசுமைப் பத்திரத்துக்கு இதைவிட நேரான வேலை கிடைப்பது அரிது.

ஆனால் இரண்டு இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். பம்பு ராத்திரியும் ஓடும், சூரியன் ஓடாது. பகலில் மிஞ்சுவதை மின் கம்பியில் விட்டு ராத்திரி திரும்ப எடுக்க வேண்டும். அதற்கு மின் பகிர்மான நிறுவனம் என்ன கட்டணம் போடும் என்பதில் அந்த 5 ரூபாய் 4 ஆகலாம், 3-ம் ஆகலாம். 3 ஆனால் கடன் அடைய பன்னிரண்டு வருஷம் தாண்டிவிடும்.

அடுத்தது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். தேய்ந்த பம்பை மாற்றினால், கசிகிற குழாயை அடைத்தால், ஒரு பேனலும் போடாமலே நிறைய யூனிட் மிச்சமாகும். வழியில் ஒழுகிப்போகிற ஒவ்வொரு ஆயிரம் லிட்டரும் 400 மீட்டர் ஏறிவந்த தண்ணீர்! அதற்கும் பசுமைப் பத்திரம் வாங்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் புதைந்து கிடக்கிற குழாயைப் படம் எடுத்து வண்ணத் தாளில் போட முடியாது. பேனலைப் போடலாம். ஊருக்கு ஊர் இதைத்தான் பார்க்கிறேன்.


கணக்குப்பிள்ளை
12 பிப்ரவரி, பகல் 11.45

அருமையான கணக்கு சார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

பசுமைப் பத்திரம் என்ற பெயர் வருவதற்கு முன்பே நம்மிடம் இந்த வேலை நடந்திருக்கிறது. 2002-ல் தமிழ்நாட்டில் 13 சிறு நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைக்கு ஒரே தொகுப்பாக 30 கோடி சொச்சத்துக்குப் பத்திரம் வெளியிட்டார்கள், 9.20 சதவீதம், 15 வருஷம். தனியாகப் போனால் எந்தச் சந்தையும் மதிக்காத ஊர்கள் சேர்ந்து போனதால் கடன் கிடைத்தது. அதற்கும் முன்னால் ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களே முன்பணம் கட்டினார்கள். யாரும் அதைப் பசுமை என்று சொல்லவில்லை. கழிவுநீர் தெருவில் ஓடக் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

இப்போது காசியாபாத் 2021 ஏப்ரலில் 150 கோடி, 8.10 சதவீதம், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்க. நாட்டின் முதல் நகராட்சிப் பசுமைப் பத்திரம் அது, ஆனால் பெரிய நிறுவனங்கள்தான் வாங்கின. மாமா மாதிரித் தனிநபர் நேராக வந்து விண்ணப்பம் போடலாம் என்று கதவைத் திறந்தது இந்தூர். அதனால்தான் நானும் இவ்வளவு எழுதுகிறேன். தனிநபர்கள் உள்ளே வந்தால் கேள்வி கேட்க ஆள் கூடும்.


வைகைக்கரை
13 பிப்ரவரி, இரவு 9.10

இன்றைக்கு அஞ்சலகம் போய் மாமா பெயரில் 6 லட்சம் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டாச்சு. வந்து சாப்பிட்டுவிட்டு, நீங்கள் எழுதியதையெல்லாம் முழுக்கப் படித்துக் காட்டினேன். ஜலூத் கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். நீரேற்றி சார் கணக்கை அவரே ஒரு பழைய ரீடிங் நோட்டில் எழுதிப் பார்த்து, "சரியாத்தான் வருது" என்றார்.

அப்புறம் இந்தூருக்கு 40 பத்திரம், 40,000 ரூபாய், விண்ணப்பம் போட்டோம். பத்திரம் வைக்கிற டீமேட் கணக்கு என்னுடையது இல்லை, அவருடையது. யுபிஐ-யில் பணம் நிறுத்தி வைத்திருக்கிறது. போட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "வருஷத்துக்கு ஒருதடவை அறிக்கை வரும்னு சொல்றாங்கல்ல, அதுல எத்தனை யூனிட்டுன்னு இருக்கணும். மீட்டர் ரீடிங் இல்லாத பில்லை நான் வாழ்க்கையில ஒப்புக்கிட்டதில்ல."

அந்த அறிக்கையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எதையெல்லாம் எழுதிக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சொல்லுங்கள். நான் இங்கிலீஷில் கடிதம் எழுதி வைத்துக்கொள்கிறேன்.


நீரேற்றி
14 பிப்ரவரி, காலை 8.20

மாமாவுக்கு என் வணக்கம். 60 மெகாவாட் கட்டியாச்சு என்று எழுதினால் போதாது. எந்த மாதம் எத்தனை யூனிட் ஓடியது, அதில் பம்புக்கு நேராகப் போனது எத்தனை, கம்பியில் விட்டுத் திரும்ப எடுத்தது எத்தனை, மாநகராட்சியின் மின்கட்டணம் முந்தைய வருஷத்தைவிட எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். பல அறிக்கைகளில் "இத்தனை டன் கரியமில வாயு தவிர்க்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும். யூனிட் எண்ணிக்கை இல்லாமல் அந்த டன்னைச் சரிபார்க்க முடியாது. கட்டி முடிக்கும் வரை பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.


நெய்தல்மகள்
14 பிப்ரவரி, காலை 9.00

நிலத்தைப் பற்றி என் கேள்வியையும் அதே கடிதத்தில் சேருங்கள் அண்ணா. கையெழுத்தில் மாமா பெயருக்குக் கீழே "மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர்" என்று போடச் சொல்லுங்கள். சும்மா கேட்கவில்லை, தெரிந்தவர் கேட்கிறார் என்று தெரியட்டும்.


மாளவத்தமிழன்
15 பிப்ரவரி, காலை 7.30

இங்கே பேப்பரில் வந்துவிட்டது. 122 கோடிக்கு 5.91 மடங்கு, ஏறத்தாழ 720 கோடிக்கு விண்ணப்பம். 244 கோடியும் எடுத்துக்கொள்கிறார்கள். மாமா கேட்ட நாற்பதும் முழுசாகக் கிடைக்குமா என்பது ஒதுக்கீடு வந்த பிறகுதான் தெரியும்.

ஜலூத் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மண்டலேஷ்வரில் நர்மதைக் கரைக்கு வருஷத்தில் ஒருதடவையாவது குடும்பத்தோடு போவோம். வேலை ஆரம்பித்ததும் போய்ப் பார்த்துவிட்டு இதே இழையில் எழுதுகிறேன். நெய்தல்மகள் தங்கச்சி கேட்டதை அந்த ஊர்க்காரர்களிடமே கேட்கிறேன், அந்தப் பக்கத்துப் பேச்சுமொழியான நிமாடி எனக்கு ஓரளவு பேச வரும்.


வைகைக்கரை
15 பிப்ரவரி, காலை 8.05

ரொம்ப சந்தோஷம் அண்ணா. நீங்கள் போகும்போது சொல்லுங்கள், மாமாவும் கிளம்பிவிடுவார் போலிருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா, கடைசியாக ஒன்று. இந்த வட்டிக்கு வரி பிடிப்பார்களா?


கணக்குப்பிள்ளை
15 பிப்ரவரி, காலை 8.40

வட்டி முழுக்க வரிக்கு உட்பட்டதுதான் தம்பி, அவருடைய மொத்த வருமானத்தோடு சேரும். டீமேட்டில் இருக்கிற பட்டியலிட்ட பத்திரத்துக்கு இதுவரை டிடிஎஸ் (வட்டி தரும்போதே வரி பிடிப்பது) இல்லாமல் இருந்தது, இந்த பட்ஜெட்டில் அந்தச் சலுகையை ஏப்ரல் 1 முதல் எடுக்கிறார்கள். அதன் பிறகு 10 சதவீதம் பிடிப்பார்கள். மாமாவின் வருமானம் வரி வரம்புக்குள் வராது என்றால் வருஷத் தொடக்கத்திலேயே, வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற 15எச் படிவம் கொடுத்துவிடு. ஏப்ரலில் ஞாபகப்படுத்து, படிவத்தை எப்படி நிரப்புவது என்று அப்போது எழுதுகிறேன். கடிதம் தயாரானதும் அனுப்புவதற்கு முன் இங்கே போடு, கணக்குத் தலைப்புகளை ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.